சாரலில் அழுகும், சித்திரையில் சுருளும்: வீட்டுக்குள் ஏர் பிளான்ட் வளர்ப்பவர்களுக்கு

மண்ணில்லாமல் தொங்கவிட்டு வளர்க்கும் ஏர் பிளான்ட் செடியின் படத்தை அனுப்பி “மைனி, இதுக்கு என்ன ஆச்சு?” என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: தண்ணீர் காட்டின பிறகு செடி எவ்வளவு நேரத்தில் காய்ந்தது? எவ்வளவு ஊற்றினீர்கள், வாரத்துக்கு எத்தனை தடவை என்பதெல்லாம் அப்புறம். பாதிப் பேருக்கு இதற்குப் பதில் தெரிவதில்லை. தெளித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். இந்தச் செடி வீட்டுக்குள் கெடுவது பெரும்பாலும் அந்தப் பார்க்காத நேரத்தில்தான்.

நான் இருப்பது செங்கோட்டை. ஆரியங்காவுக் கணவாய்க்குக் கிழக்கு வாசல். ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை கேரளப் பக்கத்து மேகம் கணவாய் வழியாகச் சாரலாக இறங்கும். குற்றாலத்துக்கு அது சீசன். எங்கள் வீடுகளில் துணி காயாத காலம். அதே ஊரில் பங்குனி, சித்திரையில் தரை கொதிக்கும், காற்றில் ஈரமே இருக்காது. பிறகு ஐப்பசியில் கிழக்கிலிருந்து மழை. ஒரே ஆணியில் தொங்கும் ஒரே செடிக்கு இங்கே வருஷத்தில் இரண்டு விதமான பாடு. “வாரம் ஒரு தடவை அரை மணி நேரம் ஊற வை” என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும் சட்டத்தை ஆடியிலும் சித்திரையிலும் ஒரே மாதிரி பின்பற்றினால் ஒரு காலத்தில் செடி அழுகும், இன்னொரு காலத்தில் தாகத்தில் சுருளும்.

முதலில் செடியைப் பற்றி நாலு வார்த்தை. இதன் பேரினம் டில்லாண்ட்சியா, அன்னாசியின் குடும்பம். அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களிலிருந்து மெக்சிகோ, குவாத்தமாலா வழியாக அர்ஜென்டினா, சிலி வரை மரத்திலும் பாறையிலும் பற்றி வளர்வது. அறுநூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. நம் மலையில் இயற்கையாக ஒன்றுகூட இல்லை. புளியரைப் பக்கத்து அத்தை ஒருவர் “இது புல்லுருவி மாதிரி மரத்தைத் தின்னுருமே” என்று பயந்தார். தின்னாது. புல்லுருவி வேரை மரத்துக்குள் விட்டுச் சாற்றை உறிஞ்சும். இதன் வேர் பிடித்துக்கொள்வதற்கு மட்டும்தான். தண்ணீரும் சத்தும் இலை வழியாகப் போகின்றன. இலையின் மேல் சாம்பல் பூத்தாற்போலத் தெரிகிறதே, அது நுண்ணிய செதில் முடிகள். தண்ணீரைப் பிடித்து உள்ளே இழுப்பவை அவைதான். அழுக்கு என்று நினைத்துத் துணியால் துடைக்கிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து துடைக்காதீர்கள்.

வெள்ளைப் பூச்சு அதிகமாக உள்ள வகை வறட்சியைத் தாங்கும், ஈரத்தைத் தாங்காது. வழவழப்பான பச்சை இலை வகைக்குத் தண்ணீர் கூடுதலாக வேண்டும், வெயில் குறைவாக வேண்டும். டெக்டோரம் பஞ்சு போல் வெண்மையாக இருக்கும், பெரு, ஈக்வடார் பாறைகளில் வளர்வது. அதை ஊறவே போடக்கூடாது, வாரத்தில் இரண்டொரு தடவை லேசாகத் தெளித்தால் போதும். பல்போசா பச்சை, தண்ணீர் கேட்கும், ஆனால் அடியில் வெங்காயம் போல உப்பிய பகுதியில் நீர் தேங்கினால் அழுகிவிடும். உங்களிடம் இருப்பது எந்த வகை என்ற பெயர் தெரியாவிட்டாலும் வெள்ளையா பச்சையா என்று பார்த்தாலே பாதி வைத்தியம் தெரிந்துவிடும்.

நுனியா, அடியா

செடியைக் கையில் எடுங்கள். படத்தைப் பார்த்துச் சொல்வதைவிடக் கை சொல்வது அதிகம்.

நுனி மட்டும் காய்ந்து, இலை உள்பக்கமாக ஓடை போல் மடிந்து, தூக்கினால் எடையே இல்லாமல் இருந்தால் அது தாகம். அடிப்பாகம் கறுத்தோ ஊதா கலந்த பழுப்பாகவோ மெத்தென்று இருந்தால், நடு இலையை மெதுவாக இழுத்தபோது எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்தால், அது அழுகல். மூக்கருகே கொண்டுபோனால் வாடை தெரியும். இரண்டிலும் செடி பழுப்பாகத்தான் இருக்கும். அதனால்தான் அழுகிய செடியைத் தாகம் என்று நினைத்து மறுபடியும் தண்ணீரில் முக்குகிறார்கள்.

இன்னொன்று: அடி வரிசையில் ஒன்றிரண்டு இலைகள் காகிதம் போலக் காய்ந்திருப்பது நோய் இல்லை. பழைய இலை போகிறது, அவ்வளவுதான். கீழ்நோக்கி இழுத்து உரித்துவிடுங்கள். அடித்தண்டு பழுப்பாக இருந்தாலும் விறைப்பாக, மரக்கட்டைபோல் இருந்தால் நலம்தான்.

அழுகல்

இங்கே சாரல் மாதங்களில் எனக்கு வரும் கேள்விகளில் பெரும்பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நனைந்த செடி நான்கு மணி நேரத்துக்குள் முழுக்கக் காய்ந்துவிட வேண்டும். இலைமேல் மட்டுமல்ல, இலைகள் சேரும் நடுக்குழியிலும். இதைக் கண்டுபிடிக்க எங்கள் ஊரில் கருவி எதுவும் வேண்டாம். காலையில் கொடியில் போட்ட துணி மதியச் சாப்பாட்டுக்குள் காயாத நாளில் செடியும் காயாது. அன்றைக்கு ஊறப்போடாதீர்கள். ஆனி, ஆடியில் ஜன்னலோரம் தொங்கும் செடிக்குச் சாரல் காற்றின் ஈரமே பெரும்பாலும் போதுமாக இருக்கிறது. இலை மடியத் தொடங்கினால் மட்டும், வெயில் தலைகாட்டும் ஒரு காலையில், இரண்டு நிமிஷம் முக்கி எடுத்து, தலைகீழாகப் பிடித்து நன்றாக உதறி, மின்விசிறிக்கு அடியில் தலைகீழாகவே தொங்கவிடுங்கள். உதறுவதில் கூச்சப்பட வேண்டாம், ஒடிந்துவிடாது. பல்போசா, அதைப் போலவே அடி உப்பிய கபுட் மெடூசே இரண்டையும் இப்படித் தலைகீழாகக் காயவைப்பதை எந்த மாதத்திலும் விடக்கூடாது.

ஏன் காலையில்? இந்தச் செடிகள் பகல் வெப்பத்தில் நீர் விரயமாகாமல் இருக்க இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில்தான் திறந்து கரியமில வாயுவை இழுக்கின்றன. இரவு முழுக்க இலைமேல் நீர்ப்படலம் இருந்தால் அந்த வேலை தடைபடும். “அலுவலகம் விட்டு வந்து ராத்திரிதான் தெளிக்கேன்” என்கிறார் தென்காசியில் வேலை பார்க்கும் ஒரு தங்கச்சி. காலையில் பல் தேய்க்கும் நேரத்தில் முக்கி எடுத்துத் தொங்கவிட்டுப் போனால் மதியத்துக்குள் காய்ந்துவிடும், கூடுதல் நேரமும் ஆகாது.

அழுகல் ஆரம்பித்துவிட்டால்: கெட்ட இலைகளை நல்ல பகுதி வரும்வரை உரித்து எடுங்கள். மிச்சம் விறைப்பாக இருந்தால் நிழலில், மின்விசிறிக் காற்றில் ஒரு வாரம் தண்ணீர் காட்டாமல் வையுங்கள். நடுக்குருத்தே கையோடு வந்துவிட்டால் தாய்ச்செடி இனி வளராது. ஆனாலும் அடித்தண்டு கெட்டியாக இருந்தால் குப்பையில் போட வேண்டாம். பக்கத்தில் குட்டிச்செடி முளைக்க வாய்ப்பு உண்டு. சில மாதம் பொறுங்கள்.

கண்ணாடிக் குமிழுக்குள் கூழாங்கல், பாசி, ஒரு ஏர் பிளான்ட் என்று அழகாக அடுக்கி விற்கிறார்களே, அதை வாங்காதீர்கள் என்றே சொல்வேன். திருமண அன்பளிப்பாக வந்துவிட்டால் செடியை வெளியே எடுத்துவிட்டு, குமிழைக் காட்சிக்கு வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள். ஈரப்பாசிமேல் காற்றோட்டமில்லாமல் உட்கார்ந்திருக்கும் செடி இந்த ஊர் ஆடியைத் தாண்டுவது கஷ்டம். மண்ணிலும் தேங்காய் நார்த்தூளிலும் புதைப்பதும் அப்படியே. தொட்டியில் வளர்க்கக்கூடியது என்று நர்சரியில் பரவலாகக் கிடைப்பது இளஞ்சிவப்புத் தட்டைப் பூங்கதிர் விடும் சயானியா ஒன்றுதான். அதற்கும் தண்ணீர் நிற்காத கலவை வேண்டும்.

தாகம்

மாசி முடிந்து பங்குனி பிறந்தால் கதை தலைகீழாகும். “தினமும் தண்ணி தெளிக்கத்தானே செய்யுதேன்” என்று சொல்வார்கள்; செடியோ சுருண்டு கிடக்கும். வறண்ட காற்றில் தெளித்த நீர் இலைக்குள் போவதற்கு முன்னால் ஆவியாகிவிடுகிறது. இந்தக் காலத்துக்குத் தெளிப்பு போதாது, முழுக்க முக்கியே ஆக வேண்டும். பச்சை வகைக்கு வாரம் இரண்டு தடவை அரை மணி நேரம். அயனாந்தா, ஸ்ட்ரிக்டா போன்றவற்றுக்கும் அதுவே சரிப்படும். சீரோகிராஃபிகா பெரிய வெள்ளி இலைச் சுருள். அதற்கு வாரம் ஒரு முக்கு, சில நிமிஷம் போதும். குளிர்சாதனம் ஓடும் அறையில் இருந்தால் அது வருஷம் முழுக்கச் சித்திரை என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மிகவும் வாடிப்போனதை, டெக்டோரம் போன்ற பஞ்சு வகை தவிர, அவசர வைத்தியமாக மட்டும் இரவு முழுக்க மழைநீரில் முழுகப் போடலாம். காலையில் எடுத்து உதறி உலர்த்துங்கள். இரண்டு நாள் விட்டு மறுபடியும். இலை விரிந்து, எடை கூடி, தொட்டால் குளிர்ச்சியாக இருந்தால் பிழைத்துக்கொண்டது. ஆனால் காய்ந்துபோன நுனி திரும்பப் பச்சையாகாது. கூர்மையான கத்தரியால் சாய்வாக வெட்டிவிட்டால் கண்ணுக்கு உறுத்தாது.

ஸ்பானிஷ் மாஸும் ஒரு டில்லாண்ட்சியாதான். கேரள நர்சரிகளில் அதை வாங்கி வருகிறவர்கள் அதிகம் என்பதால் அதைப் பற்றி ஒரு வார்த்தை. தாடி போலத் தொங்கும் அதைக் கொத்தாகக் கட்டாதீர்கள். நடுவில் காற்றுப் போகாமல் உள்ளே கறுத்து, வெளியே மட்டும் வெள்ளியாக இருக்கும். பிரித்து, ஒல்லி ஒல்லியாகத் தொங்கவிடுங்கள். நனைத்ததும் பச்சையாக மாறினால் உயிரோடு இருக்கிறது. கறுப்பாகவே இருந்தால் அந்த இழையை எடுத்துவிடுங்கள்.

தண்ணீரும் பாத்திரமும்

நுனி காய்கிறது, தண்ணீரும் ஒழுங்காகக் காட்டுகிறீர்கள், அப்படியானால் தண்ணீரையே சந்தேகப்பட வேண்டும். போர் தண்ணீரின் உப்பு செதில் முடிகளில் படிந்து அடைத்துவிடும். இலைமேல் சுண்ணாம்பு போல் வட்டத் திட்டு தெரிந்தால், வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்தால், அந்த நீர் வேண்டாம். மழைநீர்தான் இதற்கு அமிர்தம். முதல் மழையில் கூரை கழுவிப் போகட்டும். அடுத்ததை மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில் பிடியுங்கள். மூடாவிட்டால் கொசு முட்டை வைக்கும். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை அடித்தால் ஒரு ராத்திரி திறந்து வைத்துப் பயன்படுத்தலாம். ஆர்.ஓ. தண்ணீர் கெடுதல் இல்லை, சத்தும் இல்லை. கடின நீரை உப்பு போட்டு மென்மையாக்கும் கருவி வழியாக வரும் தண்ணீர் மட்டும் கூடவே கூடாது. அதில் சோடியம் இருக்கிறது.

இதைவிட முக்கியமானது, யாரும் கவனிக்காதது, செம்பு. ஏர் பிளான்ட்டுக்குச் செம்பு விஷம். துத்தநாகமும் போரானும் அப்படியே. உடம்புக்கு நல்லது என்று செம்புக் குடத்தில் தண்ணீர் வைத்துக் குடிக்கும் வீடுகள் இங்கே நிறைய. அந்தக் குடத்து நீரில் செடியை ஊறவைத்தால், நாளடைவில் இலை காரணமே தெரியாமல் கருகிப் போகும். பித்தளை அண்டாவும் வேண்டாம். பித்தளை என்பதே செம்பும் துத்தநாகமும் சேர்ந்ததுதான். பழைய ஒயரை உரித்த செம்புக் கம்பியால் கட்டித் தொங்கவிடுவது, துத்தநாகம் பூசிய கட்டுக்கம்பியால் சுற்றுவது, இரண்டையும் பார்த்திருக்கிறேன். தூண்டில் போடும் தங்கூசி நரம்பே போதும், கண்ணுக்கும் தெரியாது.

அழுகலுக்கு மருந்து கேட்டு உரக்கடைக்குப் போனால் காப்பர் ஆக்சி குளோரைடு எடுத்துக் கொடுப்பார்கள். மிளகுக்கும் பாக்குக்கும் அது சரி. மயில்துத்தமும் (அதுவும் செம்புதான்) சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையும் அந்தப் பயிர்களைக் காத்த மருந்துதான். இந்தச் செடிக்கு அதுவே எமன். அந்த மருந்து அடித்த கைத்தெளிப்பானைக் கழுவிவிட்டுக்கூட இதற்குப் பயன்படுத்தாதீர்கள். தனியாக ஒன்று வாங்கி வையுங்கள். ரப்பர் தோட்டத்தை ஒட்டிய வீடு என்றால், மழைக்கு முன் ரப்பருக்குச் செம்பு மருந்து அடிக்கும் நாட்களில் திண்ணைச் செடிகளை உள்ளே எடுத்துவிடுங்கள்.

போரான் எங்கிருந்து வரும் என்கிறீர்களா? ரப்பர் மரப் பலகையிலிருந்து. ரப்பர் மரத்தை வண்டு சீக்கிரம் துளைத்துவிடும் என்பதால் அறுத்த பலகையை போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் பதப்படுத்துகிறார்கள். தென்மலை, புனலூர்ப் பக்கம் மரக்கடையில் மலிவாகக் கிடைக்கும் துண்டு அழகாகத்தான் இருக்கும். அதில் செடியை ஒட்டி மேலே தண்ணீர் தெளித்தால் மருந்து கசிந்து வேர்ப்பக்கம் போகும். பட்டையோடு காய்ந்த கொய்யாக் கிளை, பலாக் கட்டை, ஓட்டை போட்ட தேங்காய்ச் சிரட்டை இவை நல்லவை. தேங்காய் மட்டை வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைக்கும். காப்புக்காட்டிலிருந்து பாசி படிந்த கிளையை ஒடித்து வருவதும் வேண்டாம். அங்கே அந்தக் கிளையில் மரவாழை (ஆர்க்கிட்) போல எத்தனையோ உயிர் தொற்றியிருக்கும்.

வெளிச்சம்

கிழக்கு ஜன்னலிலிருந்து மூன்றடிக்குள். மேற்கு வெயிலைக் கண்ணாடி வழியாக நேரே வாங்கினால் வெளிறிய, தீய்ந்த திட்டு விழும். திட்டு ஆறாது, செடியை நகர்த்தினால் புது இலை நன்றாக வரும். இலை நீண்டு தொங்கி நிறம் அடர் பச்சையாகப் போனால் வெளிச்சம் போதவில்லை. ஓட்டு வீட்டில் நடுவே கண்ணாடி ஓடு இருந்தால் அதன் அருகே காலை வெளிச்சம் படுமாறு தொங்கவிடுங்கள், உச்சி வெயிலின் கட்டம் விழும் இடத்தைத் தவிருங்கள். வெளிச்சமே வராத அறையா? செடிக்கு நெருக்கமாக ஒரு எல்.இ.டி. டியூப் லைட், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம்.

பூச்சி

எறும்பு ஊர்ந்தால் உடனே மருந்தைத் தேடாதீர்கள். பல்போசாவும் கபுட் மெடூசேவும் தங்கள் காட்டிலேயே எறும்புக்கு வீடு கொடுக்கும் செடிகள். ஆனால் நம் வீட்டில் எறும்பு வந்தால் இலை இடுக்கைப் பிரித்துப் பாருங்கள். பஞ்சுத் துணுக்காக மாவுப்பூச்சி இருந்தால் அதன் இனிப்புக் கழிவுக்குத்தான் எறும்பு வந்திருக்கிறது. செதில் முடி இலை முழுக்கச் சீராகப் பரவியிருக்கும், மாவுப்பூச்சி இடுக்கில் கட்டியாக இருக்கும், குழம்ப வேண்டியதில்லை. காது குடையும் பஞ்சுக் குச்சியை மருந்துக்கடை ஸ்பிரிட்டில் தொட்டு ஒவ்வொன்றாக எடுங்கள். கொஞ்ச நேரம் கழித்து நல்ல தண்ணீரில் அலசி உலர்த்துங்கள். வாரம் ஒரு தடவை இப்படிச் செய்யுங்கள், புதிதாக ஒன்றும் தென்படாமல் போகும் வரை. வேப்பெண்ணெய் என் ரோஜாவுக்கு அடிப்பேன், இதற்கு அடிக்க மாட்டேன். எண்ணெய்ப் படலம் செதில் முடியை மூடிவிடும். அதே காரணத்தால் தாளிக்கும் அடுப்புக்குப் பக்கத்திலும் தொங்கவிட வேண்டாம்.

பூத்த பிறகு

“நல்லாப் பூத்துச்சு மைனி, பூத்ததுலேர்ந்து நாளுக்கு நாள் வாடுது” என்றால் அது நோய் இல்லை. ஒரு ஏர் பிளான்ட் ஒரு தடவைதான் பூக்கும். வாழை மாதிரிதான்: குலை தள்ளியதும் தாய் ஓயும், பக்கக்கன்று எழும். அயனாந்தா பூப்பதற்கு முன் நடு இலைகள் சிவந்துவிடும். அதை வெயில்பட்ட காயம் என்று நினைத்து இருட்டில் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள். பூ வாடியதும் தண்டை வெட்டிவிட்டு, தண்ணீரை வழக்கம்போலக் காட்டுங்கள். தாய் மெதுவாக, மாதக்கணக்கில் மடியும். அதுவரை குட்டிகளுக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும். குட்டி தாயின் அளவில் மூன்றில் ஒரு பங்காவது ஆன பிறகு அடியில் விரலை விட்டு மெதுவாகத் திருகினால் பிரிந்துவரும். பிரிக்காமல் விட்டால் கூட்டமாக வளரும், எனக்கு அதுதான் பிடிக்கும்.

பழுத்த பழம் வெளிவிடும் எத்திலீன் வாயு அன்னாசிக் குடும்பத்தைப் பூக்கத் தூண்டும். கேரளத்து வாழக்குளம் அன்னாசித் தோட்டங்களில் எத்திலீனை வெளிவிடும் எத்தெபான் கரைசலைக் குருத்தில் ஊற்றி ஒரே நேரத்தில் பூக்க வைப்பது இந்த இயல்பைக் கொண்டுதான். அதனால் மூடிய அலமாரியில் பழுக்கப்போட்ட நேந்திரங்காயோடு செடியை அடைத்து வைக்காதீர்கள். முதிராத செடி அவசரப்பட்டுப் பூத்துவிடும், குட்டியும் வலுவாக வராது.

உரம் மாதம் ஒரு தடவை, மிக நீர்த்து. கடையில் கிடைக்கும் நீரில் கரையும் 19:19:19 என்றால் ஒரு லிட்டருக்கு அரை கிராமுக்கு மேல் போகாதீர்கள். சாரலில் உரமே வேண்டாம்.

பார்சலில் வந்தால்

திருச்சூர்ப் பக்கத்து மண்ணுத்தி நர்சரிகளிலிருந்தோ வேறெங்கிருந்தோ கூரியரில் வரும் செடியை வந்த அன்றே பிரியுங்கள். பிளாஸ்டிக் உறைக்குள் வியர்த்திருந்தால் முதல் வேலை உலர்த்துவது, ஊறப்போடுவது இல்லை. மின்விசிறியில் ஒரு நாள் வைத்து, அடி விறைப்பாக இருக்கிறதா, நடு இலை பிடிப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். காய்ந்து வந்திருந்தால் மட்டும் மழைநீரில் ஒரு மணி நேரம். ஏற்கெனவே இருக்கும் செடிகளோடு சேர்க்காமல் இரண்டு வாரம் தனியாகத் தொங்கவிடுங்கள். இலை இடுக்கில் ஒளிந்து வந்த மாவுப்பூச்சி அதற்குள் வெளியே வந்துவிடும். மெல்லிய செம்புக் கம்பியில் கட்டி அனுப்பியிருந்தால் அன்றே அறுத்து எறிந்துவிட்டு நரம்பில் கட்டுங்கள்.